நாலு நொடி

சாட்ஸ்வர்த் மாலில் மூன்றாம் திரை,
வெள்ளி இரவு, எட்டு மணிக் காட்சி.
'வேகா ரோந்து' மறுபடி பிறந்திருக்கிறது.
பழைய கப்பலுக்குப் புதுப் பெயின்ட்,
பழைய கேப்டனுக்குப் புதுத் தாடை.

முன்வரிசையில் மூன்று பையன்கள்
காசு கொடுத்து வாங்கிய சீருடையில்.
"எஞ்சின் அறை நீலமாத்தானே இருக்கும்,
இதென்ன பச்சை?" என்றான் ஒருவன்.
"எங்கப்பா டேப்பில் நீலந்தான்," என்றான் அடுத்தவன்,
செத்தவரைப் பற்றிப் பேசும் குரலில்.
என் இடப்பக்கம் பூபாலன்
பத்தாம் நிமிடமே உறங்கிவிட்டார்.
அவர் கருத்தை அவர் சொல்லியாயிற்று.

நான் காத்திருந்தது வேறொன்றுக்கு.

எழுபத்தெட்டில்,
கிரே தெருப் பக்கம் எங்களுக்கென்று விட்டிருந்த தியேட்டரில்,
நாளெல்லாம் சட்டைக் காலர் தைத்த விரல்களோடு
தேவநாயகியும் நானும்
சம்பளக் கவரைப் பிரித்த கையோடு போய் உட்கார்ந்தோம்.
பாதிப் படத்தில்
கேப்டனும், செம்புநிறத் தோலுள்ள அந்த வேற்றுக்கிரகத்தாளும்
கப்பலின் வாசலறையில் எதிரெதிரே நின்றார்கள்.
அவன் கையுறையைக் கழற்றினான்.
அவள் முகத்தை நிமிர்த்தினாள்.
உடனே
கப்பல் வேறொரு வானத்தில் பறந்துகொண்டிருந்தது.
பாட்டுக்கருவிகள்கூட நடுவில் ஒடிந்து
படியில் தடுக்கியவன் மாதிரி விழுந்தன.

பிரிட்டோரியாவில் எவனோ
கத்தரியோடு உட்கார்ந்திருந்தான்.
இத்தனை கோடி மைலுக்கு அப்பாலும்
அவன் கண்ணுக்குத் தோல்தான் தெரிந்திருக்கிறது.

தியேட்டரே ஊளையிட்டது.
நாற்காலி முதுகுகளில் உதை.
பால்கனியிலிருந்து யாரோ தமிழில் கத்தினார்:
"போடுடா மிச்சத்தை!"

மிச்சம் வரவில்லை.
நாங்கள் அடுத்த வாரமும் போனோம்,
அதற்கடுத்த வாரமும்,
அந்த வெட்டைப் பார்க்க.

பஸ்ஸிலும், மிஷின் இரைச்சலிலும்
மிச்சத்தை நாங்களே தைத்தோம்.
தேவநாயகியின் கணக்கில் அது அரைமணி நேரம்.
அவள் தன் பாஷையில் அவனுக்குப் பெயர் வைப்பாள்,
அவன் மழை என்றால் என்னவென்று விளக்கப் பார்த்துத் தோற்பான்,
ஒரு சண்டைகூட உண்டு.
என் கணக்கில் முத்தமே கிடையாது.
அவன் உள்ளங்கையைத் திருப்பி
இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்பாள்.
அவ்வளவுதான்.
அதை நினைத்தே ஒருநாள்
ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

எண்பத்தொன்றில் தேவநாயகி லெசோத்தோ போய்விட்டாள்.
யாரோடு என்று அவள் அம்மா
கடைசிவரை வாய் திறக்கவில்லை.
அங்கேயும் ஒரு வெட்டு.

இன்றைக்கு
கேப்டன் கையுறையைக் கழற்றினான்.
கதவு மூடியது.
முத்தம்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
சுற்றிலும் கம்ப்யூட்டர் செய்த தூசி மினுமினுத்தது.

பின்னால் ஒரு பெண் போனைத் திறந்தாள்.
ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு வந்தது.
"சரி சரி, சண்டைக்கு வாங்கப்பா," என்றது முன்வரிசை.
ஒரு விசில் இல்லை.

"இவ்வளவுதானா?"
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
மூன்று தலைகளும் திரும்பின.
"ஆன்ட்டி, பழைய படத்தில் இது எப்படி இருந்தது?"
"பழையதில் இது இல்லை."
"பார்த்தியா!" நீலக்காரன் மற்றவன் தோளில் குத்தினான்,
"ஒரிஜினலில் இல்லாததை எல்லாம்
கொண்டுவந்து திணிக்கிறானுங்க."
நான் திருத்தப் போகவில்லை.
அவன் கையில் பாப்கார்ன் இருந்தது,
எனக்கோ நாற்பது வருஷக் கதை.

பூபாலன் விழித்து, "முடிந்ததா?" என்றார்.
"இல்லை, தூங்குங்க."
தூங்கவில்லை.
இருட்டில் அவர் கையை எடுத்துத் திருப்பினேன்.
உப்பு, வெண்ணெய்,
கட்டைவிரலடியில் அந்தப் பழைய கோடு.
சர்க்கரை மில்லில் பட்டது,
நூறு தடவை கேட்ட கதை.
"இது எப்படி ஆச்சு?" என்றேன்.
திரையில் கிரகம் ஒன்று வெடித்துக்கொண்டிருந்தது.
அவர் என் காதுப்பக்கம் குனிந்து
முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்,
இந்தத் தடவை கொஞ்சம் மாற்றி.